ஹேர்பீஸா, வேறு தோல் நோயா?

பிறப்புறுப்பில் புண் கண்டால், வைத்தியரிடம் போகுமுன்பே வீட்டுக்குள் சந்தேகம் புகுந்துவிடுகிறது.

ஹேர்பீஸ் வந்து வந்து போவது. எரிவோடு சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து புண்ணாகும். முதல் தடவை ஆற 2 முதல் 4 வாரம் செல்லலாம். பிறகு பெரும்பாலும் அதே பகுதியில் திரும்பவும் வரும். மாதக்கணக்காக மாறாத கடியும் வெளிறிச் சுருங்கிய தோலும் வேறு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் அப்படிப்பட்டது. அது தொற்றாது, ஆனால் பங்கசு என்று எண்ணிக் கண்ட களிம்பையும் பூசிக் காலங்கடத்தக் கூடாது, சிறிதளவு புற்றுநோய் ஆபத்தும் உண்டு.

புண் ஆறுமுன் போனால் அதிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். கிருமி எப்போது தொற்றியதென்று இரத்தப் பரிசோதனை சொல்லாது. ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி உடலில் கிடக்கக்கூடியது அது. நெடுங்காலம் பிரிந்திருந்து சேர்ந்த தம்பதியர் இதை அறிந்திருப்பது நல்லது. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சோதனை இலவசம். விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும்.