பெயர்ப்பலகை மாட்ட முன் கடதாசியைப் பாருங்கள்

2019ஆம் ஆண்டு எனது கடைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. உள்ளே சிங்களத்தில் அச்சிடப்பட்ட ஒரு பக்கக் கடிதம். மேலே உள்ளூராட்சி சபையின் பெயர் இருந்ததால் ஆதன வரி சம்பந்தமானதாக இருக்கும் என்று நினைத்து லாச்சிக்குள் போட்டுவிட்டேன். வரி கட்டிய பற்றுச்சீட்டு கையில் இருக்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் எனது எண்ணம். அந்த எண்ணம் எனக்கு எவ்வளவு செலவை வைத்தது என்பதைத்தான் இவ்வாரம் எழுதுகின்றேன். எம்மில் பலர் இன்றும் அதே எண்ணத்தில்தான் இருக்கின்றோம்.

எமது ஊர் மலைநாட்டில் ஒரு சிறிய நகரம். வாப்பா பிரதான வீதியோரம் கட்டிய வீட்டின் முன்னறை இரண்டையும் உடைத்து, பெயின்ட், ஹாட்வெயார் வியாபாரத்தைத் தொடங்கினேன். முன்பக்கம் கூரைத் தகடு போட்டு இறக்கினேன். நடைபாதைக்கு மேலால் நீட்டிக்கொண்டிருக்கும்படி மின்குமிழ் பொருத்திய பெரிய பெயர்ப்பலகை ஒன்றை மாட்டினேன். பலகைக்கு மாத்திரம் 85 ஆயிரம் ரூபா முடிந்தது. வியாபாரப் பெயரைப் பதிவு செய்திருந்தேன். வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரத்துக்கும் பணம் கட்டியிருந்தேன்.

கடிதம் வந்து மூன்றாவது வாரம் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்தார். "முதலாளி, பதினான்கு நாள் தந்திருந்தோமே, ஏன் பதில் தரவில்லை?" என்று கேட்டார். அப்போதுதான் லாச்சியைத் திறந்தேன்.

மூன்று வெவ்வேறு விடயங்கள்

கடிதத்தில் மூன்று குறைகள் இருந்தன. முதலாவது, வீடாக அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தைக் கடையாகப் பாவிப்பதற்கு, அதாவது பாவனை மாற்றத்துக்கு, அனுமதி பெறவில்லை. இரண்டாவது, புதிய கூரை கட்டட எல்லைக் கோட்டைத் தாண்டி வீதிப் பக்கம் வந்திருந்தது. மூன்றாவது, பெயர்ப்பலகைக்கு அனுமதி இல்லை.

பணம் கட்டியிருக்கின்றேனே என்று நான் வாதிட்டேன். உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார். ஆதன வரி என்பது சொத்துக்கான வரி. வியாபார அனுமதிப்பத்திரம் என்பது அந்த வருடத்தில் அந்தத் தொழிலைச் செய்வதற்கானது. இந்த இரண்டில் எதுவும் கட்டடத்துக்கோ பலகைக்கோ அனுமதி ஆகாது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில், புதிதாகக் கட்டுவதற்கு மாத்திரமன்றி ஒரு கட்டடத்தின் பாவனையை மாற்றுவதற்கும் அபிவிருத்தி அனுமதி தேவை. வேலை முடிந்த பின்னர் இணக்கச் சான்றிதழும் பெற வேண்டும். அனுமதியின்றிக் கட்டியதை அகற்றும்படி நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை கேட்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு.

எனது கடை 'ஏ' தர வீதியில் இருக்கின்றது. 'ஏ', 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தமானவை. ஆகவே வீதிப் பக்கம் நீட்டும் எந்த வேலைக்கும் அந்தக் காரியாலயத்தையும் கேட்க வேண்டியிருந்தது. சபையில் ஒருவர் "பரவாயில்லை" என்று வாயால் சொல்வது போதாது.

தளர்வு கேட்ட கதை

கூட்டாளி ஒருவர், "உறுப்பினர் ஒருவரைப் பிடியுங்கள் நாநா, ஒரு சொல்லோடு முடிந்துவிடும்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் உறுப்பினரின் சொல் அவரது பதவியோடு போய்விடும். கோவையில் இருக்கும் கடதாசிதான் நிலைக்கும். எனவே நில அளவையாளரைப் பிடித்து வரைபடம் எடுத்து, உறுதியின் பிரதியையும் இணைத்து, பாவனை மாற்றத்துக்கும் கூரைக்கான தளர்வுக்கும் விண்ணப்பித்தேன்.

முதல் விண்ணப்பத்தில் எனது கடன், பிள்ளைகளின் படிப்பு, பக்கத்துக் கடைக்காரரும் இப்படித்தான் செய்திருக்கின்றார் என்பதையெல்லாம் எழுதியிருந்தேன். படவரைஞர் அதைக் கிழித்துப் போட்டார். "உங்கள் கஷ்டத்தைப் பார்த்துத் தளர்வு தர மாட்டார்கள். காணியின் கஷ்டத்தை எழுதுங்கள்" என்றார். காணி பின்பக்கம் சரிவு, ஆழம் குறைவு, பின்னால் தள்ளிக் கட்ட இடமில்லை. பக்கத்து ஒழுங்கையில் லொறியை நிறுத்திச் சாமான் இறக்க முடியும், வீதி மறிபடாது. இவற்றை அளவுகளோடு எழுதினோம்.

திட்டமிடல் குழுவின் தீர்மானம் சில மாதங்களில் வந்தது. வீதியில் லொறி நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு பாவனை மாற்றத்துக்கு அனுமதி கிடைத்தது. கூரையைத் தற்காலிகமானதாக வைத்திருக்கலாம்; ஆனால் வீதியை அகலிக்கும் நாளில் அப்பகுதிக்கு நட்டஈடு கோர மாட்டேன் என்று ஒப்பமிட வேண்டும். அந்த உடன்படிக்கையை வாசித்துவிட்டுத்தான் ஒப்பமிட்டேன். அதனால் இன்றுவரை அந்தக் கூரையின் கீழ் கொங்கிரீட் தூண் ஒன்றுகூட எழுப்பவில்லை. நாளை உடைக்க வேண்டிய இடத்தில் காசைப் புதைப்பது வியாபாரம் அல்ல.

பெயர்ப்பலகைக்கு மாத்திரம் அனுமதி கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உத்தியோகத்தர் என்னை வீதியின் வளைவுக்கு அழைத்துச் சென்று, பஸ் சாரதி வரும் பக்கத்தில் நிறுத்தி, "இங்கிருந்து பாருங்கள்" என்றார். பாடசாலைப் பிள்ளைகள் கடக்கும் மஞ்சள் கடவையை எனது பலகை பாதி மறைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் கடைக்குள் இருந்து அந்தப் பலகையின் வெளிச்சத்தைப் பார்த்திருக்கின்றேன். வெளியே நின்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மறுநாளே கழற்றினேன். இப்போது சுவரோடு ஒட்டிய சிறிய பலகை, அனுமதியோடு இருக்கின்றது. அதனால் ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை.

உரிமையும் கடமையும்

அந்தக் கடிதத்தை நான் லாச்சியில் போட்டதற்கு மொழியும் ஒரு காரணம். தமிழும் அரச கரும மொழி. வடக்கு, கிழக்குக்கு வெளியிலும் அரச காரியாலயங்களோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு எமக்குத் தந்திருக்கின்றது. கேட்டால் தருவார்கள். ஆனால் தமிழ்ப் பிரதி வரும்வரை கெடு நிற்காது. எனவே விளங்காத கடிதத்தை அன்றே வாசிப்பித்து, ஒரு வரியிலாவது பதில் அனுப்பி, அதன் பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் தூங்கினாலோ காரணம் சொல்லாமல் மறுத்தாலோ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோவையிலுள்ள அறிக்கைகளைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1986ஆம் ஆண்டின் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளுக்குப் பதிலாக 2021 ஜூலையில் புதியவை வர்த்தமானியில் வெளியாகின. பழைய அளவுகளை மனதில் வைத்துக்கொண்டு அடித்தளம் வெட்ட வேண்டாம்.

கடை எடுக்கும் தம்பிமாருக்கு எனது ஆலோசனை இதுதான். முற்பணம் கொடுக்க முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கட்டடம் எந்தப் பாவனைக்காக அங்கீகரிக்கப்பட்டது? வீதிக் கோடும் கட்டட எல்லைக் கோடும் எங்கே விழுகின்றன? பலகை எவ்வளவு பெரிதாக, எங்கே வைக்கலாம்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள். வாடகைக் கடையாயின் இணக்கச் சான்றிதழை உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டத் தயங்குபவரின் கடையில் உங்கள் முதலைப் போட வேண்டாம்.

அந்தப் பழைய பலகை இப்போதும் எனது களஞ்சிய அறையில் சுவரோடு சாய்ந்து நிற்கின்றது. யாராவது என்னிடம் வந்து, "போர்டுக்கு ஓடர் கொடுத்துவிட்டேன் நாநா" என்றால் அதைத்தான் முதலில் காட்டுகின்றேன்.