பஞ்சு கெடுவது எங்கே?

பருத்தி இழையின் நீளமும் மென்மையும் முற்றலும் காய்க்குள்ளேயே முடிவாகிவிடுகின்றன. காய் வெடித்த பிறகு எந்த இயந்திரமும் ஓர் இழையை ஒரு மில்லிமீட்டர்கூட நீட்ட முடியாது. ஜின்னிங் ஆலை செய்யக்கூடியது ஒன்றுதான்: இருப்பதைக் கெடுக்காமல் கொட்டையிலிருந்து பிரிப்பது. அது சுலபமில்லை.

முதலில் ரகம். கோவில்பட்டி, விருதுநகர்க் கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணியின் இழை குட்டை, தடிப்பும்கூட. அதற்காக அதை மட்டமான பருத்தி என்று தள்ளிவிடக் கூடாது. வறட்சியைத் தாங்கும், முரட்டுத் துணிக்குப் பொருந்தும். மறுகோடியில் சுவின். சுஜாதா ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் கலந்து கோவையில் உருவாக்கி 1974-இல் வெளியிட்டார்கள். இழை 38 மி.மீ.-ஐ ஒட்டி நீளும். 120-ஆம் நம்பர் நூல்வரை நூற்கலாம்.

ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை வருகின்றனவோ அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். மைக்ரோனேர் 4 உள்ள பஞ்சை, அதாவது ஓர் அங்குல இழை 4 மைக்ரோகிராம் எடையுள்ள பஞ்சை, 40-ஆம் நம்பராக நூற்றால் நூலின் குறுக்குவெட்டில் சுமார் 94 இழைகள் இருக்கும். அதே பஞ்சை 100-ஆம் நம்பருக்கு இழுத்தால் மிஞ்சுவது 38 இழைகள்தான். எவ்வளவு முறுக்கினாலும் பிடிமானம் போதாது. கதிரில் அறுந்துகொண்டே இருக்கும். மைக்ரோனேர் 3 என்றால் 50 இழைகள் கிடைக்கும். மெல்லிய நூலுக்கு மெல்லிய இழை வேண்டும் என்பது இதனால்தான்.

ஆனால் மைக்ரோனேர் எண் குறைவாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. முற்றாத இழையும் குறைந்த எண்ணைத்தான் காட்டும். அது சாயத்தைச் சரியாக ஏற்காது. சுருண்டு முடிச்சாகி, சாயமேற்றிய துணியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

இனி அரவை, அதாவது ஜின்னிங். இந்தியாவில் பெரும்பாலும் இரட்டை ரோலர் ஜின்கள். தோல் உருளை இழையைப் பற்றி இழுக்கும். நிலையான கத்தி கொட்டையைத் தடுக்கும். அசையும் கத்தி அதைத் தட்டிக் கழற்றும். நிதானமான வேலை, நீளத்துக்குச் சேதம் குறைவு. எலி விட்னி 1794-இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழியில் வந்த ரம்ப ஜின், பற்களால் இழையைப் பிய்த்தெடுக்கும். வேகம் அதிகம், இழை அறுவதும் சிறு முடிச்சுகளும் அதிகம். அமெரிக்காவில் சாதாரண அப்லேண்ட் பருத்தி ரம்பத்துக்கும், நீண்ட இழைப் பீமா ரோலருக்கும் போவது இதனால்தான்.

ரோலராகவே இருந்தாலும் கத்தி சரியாகப் பொருந்தாவிட்டால் கொட்டை நொறுங்கி, தோல் சில்லு பஞ்சோடு ஒட்டி வரும். ஈரமும் முக்கியம். பருத்தி, ஈரத்தில் வலு கூடும் நார். மிகக் காய்ந்த நிலையில் அரைத்தால் ஒடியும். அதற்காக எடை கூட்டத் தண்ணீர் அடிப்பதை நியாயப்படுத்த முடியாது. அந்தப் பஞ்சு பேலுக்குள்ளேயே பழுப்பேறும்.

ஒடிந்த இழைகள் மில்லில் என்ன செய்கின்றன? நூலை மெலிதாக்க இழுக்கும்போது நீண்ட இழை உருளைகளின் பிடியில் இருக்கும். 12.7 மி.மீ.-க்கும் குறைந்த துண்டுகள் பிடி இல்லாமல் கும்பலாக நகரும். நூல் ஓரிடத்தில் தடிக்கும், அடுத்த இடத்தில் மெலியும். இதைத் தவிர்க்கக் கோம்பிங் செய்து, அதாவது பஞ்சைச் சீவி, 15 சதவீதத்தை ஒட்டிய பஞ்சைக் கழிவாக ஒதுக்குகிறார்கள். ஆலை முற்றத்தில் குட்டை ரகமும் நீள ரகமும் கலந்துவிட்டாலும் இதே தொல்லைதான். பிளாஸ்டிக் சாக்கின் பிரி கலந்தாலோ இன்னும் மோசம். சாயம் போட்ட பிறகே அது கண்ணில் படும்.

விதைப்பருத்தியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே பஞ்சு தேறும். சுவினில் அதுவும் குறைவு. வயலில் நிற்கும் நாளும் கூடுதல். எடையைப் பார்த்தே விலை வைத்தால் விவசாயி அதை ஏன் விதைப்பார்? கூலிக்கு அரைக்கும் ஆலைக்காரருக்கும் எடைதான் கணக்கு. நிதானமாக அரைத்தால் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை.