பெயர் மாறிய வல்வெட்டித்துறைக் கப்பல்

வசதியுள்ள அமெரிக்கர் ஒருவர் சொந்தத்தில் பாய்க்கப்பல் வாங்க நினைத்தால் எங்கே போவார்? ஐரோப்பாவுக்குத்தான் என்று தோன்றும். ஆனால் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கியது தமிழர் கட்டிய கப்பலை!

கடல் அறியாதவர் அல்லர் அவர். 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். இலங்கையில் அவர் மனத்தைக் கவர்ந்தது ‘அன்னபூரணி அம்மாள்’. வல்வெட்டித்துறை ஓடாவிகள் வேப்பமரத்தில் கட்டிய, 89 அடி நீளச் சரக்குக் கப்பல் அது. வாங்கியதும் மனைவியின் பெயரைச் சேர்த்து, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார்.

வாங்கினால் போதுமா? அமெரிக்கா கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே! அந்தப் பொறுப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டவர்கள் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவ்வூர் மாலுமிகளும்தான். 1937-இல் புறப்பட்ட கப்பல், சூயஸ் கால்வாயையும் அட்லாண்டிக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைச் செய்தியாக வெளியிட்டன.

மூணாற்றிலும் நெல்லியாம்பதியிலும் கொழுந்து கிள்ளும் கைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. தேயிலைப் பெட்டியின் மேல் இருப்பது கம்பெனியின் பெயர். பறித்தவர் பெயர் அல்ல. கப்பலும் அப்படித்தான் தன் பெயரை இழந்தது.

ஆனால் ஊர் மறக்கவில்லை. வல்வெட்டித்துறையில் அது இன்றைக்கும் ‘அன்னபூரணி’தான்! பிழைக்கப் போன இடத்தில் உழைப்பவர்களும் தங்கள் பெயரையும் வேலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். அதை மாற்றி எழுத எந்த முதலாளியாலும் முடியாது.