எந்த டார்ச் லைட் வாங்கலாம்?

எல்.இ.டி. டார்ச் லைட்டுகளில் இரண்டு வகை உண்டு. புதிய அல்கலைன் பேட்டரி ஒன்றின் மின்னழுத்தம் சுமார் 1.5 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த அது 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். சாதாரண டார்ச்சில் அதற்கேற்ப வெளிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். மின்னோட்டத்தைச் சீராக்கும் சர்க்யூட் உள்ள டார்ச்சிலோ வெளிச்சம் நெடுநேரம் ஒரே அளவில் இருக்கும். பேட்டரி தீரும் தறுவாயில் சட்டென்று குறையும், சிலவற்றில் அணைந்தே போகும்.

இரவில் வயலுக்குப் போகிறவர்களுக்கும், பழுதுபார்க்கும் வேலை செய்கிறவர்களுக்கும் சீரான வெளிச்சம் தரும் வகையே ஏற்றது. மின்வெட்டுக்காக வீட்டில் வைத்துக்கொள்ள, மங்கத் தொடங்கி முன்கூட்டியே எச்சரிக்கும் சாதாரண டார்ச்சே போதும். எதை வாங்கினாலும், மாற்று பேட்டரி ஒரு செட் கைவசம் இருக்கட்டும்!