ஆற்றிக் குடித்தால் காபி ஏன் ருசிக்கிறது?

மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் காபி குடித்துப் பாருங்கள். கசப்பும் இனிப்பும் தெரியும், காபி தெரியாது. விரலை எடுத்து மூச்சை விடுங்கள். அந்த நொடியே காபி வந்துவிடும்!

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்து சுவைகளைத்தான். மீதியெல்லாம் மணம். வறுத்த காபிக்கொட்டையில் ஆவியாகும் சேர்மங்கள் 800க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. விழுங்கியபின் நாம் மூச்சை வெளிவிடும்போது அவை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகின்றன. அந்த ஒரு மூச்சில்தான் காபியின் உயிர் இருக்கிறது. மடக்மடக்கென்று குடிப்பவர் அதை இழந்துவிடுகிறார் என்பதே என் வருத்தம்.

டம்ளருக்கும் டபராவுக்குமாக ஆற்றும்போது காற்றுபடும் பரப்பு கூடுகிறது. சூடு சட்டென இறங்குகிறது. இது நல்லதும்கூட. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது அநேகமாகப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது.

மூக்கும் நாக்கும் தயாராக இருந்தாலும் மனம் அங்கே இருக்க வேண்டுமே? நெதர்லாந்து உளவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட எண்ணொன்றை நினைவில் வைத்தபடி சுவைத்தவர்களுக்கு இனிப்பும் புளிப்பும் உப்பும் மங்கலாகவே தெரிந்தன. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே குடித்த காபி எப்போது தீர்ந்தது என்றே தெரியாமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரே மணம் தொடர்ந்தால் மூக்கு பழகிவிடும். டம்ளரைச் சற்றுக் கீழே வைத்து, சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த வாயில் மணம் மீண்டும் எழும்.