பல்லில் கவ்விய கூடை

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் சூடுபிடிக்கும்போது, கூடைகளுக்கு நடுவே கேமராக்களும் புகுந்துவிடுகின்றன. அவை தேடிப்போவது மீன் விற்கும் பெண்களின் முகங்களை: மூக்குத்தி, வெற்றிலைச் சிவப்பு, சுருக்கங்கள். பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவது என்றதும் நமக்கு அரைகுறை ஆடைதான் நினைவுக்கு வருகிறது. இந்தப் படங்களில் ஆடைக்குக் குறைவில்லை. ஆனால் படத்தில் இருப்பவரின் பெயர் இல்லை, வட்டிக் கணக்கு இல்லை, அன்று மீன் என்ன விலைக்குப் போனது என்பதும் இல்லை. இன்ஸ்டாகிராமுக்கு அவர் வெறும் நிறம்.

இந்தப் பார்வை செல்போனோடு வந்ததல்ல. பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு படத்தொகுப்பு செய்தார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், சினிமா ஸ்டில்லில் சாட்டை ஏந்திய ஜெயலலிதா, வேளாங்கண்ணி மாதா, வெள்ளைக்கார ஆய்வாளர்கள் அளவெடுத்த தோடர் பெண், பத்திரிகையில் வந்த குற்றவாளிப் பெண் என்று பழைய படங்களை அச்சு அசலாகத் திரும்ப எடுத்தார்கள். வேடம் கட்டி நின்றவர் புஷ்பமாலாவேதான். பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். மாதாவும் குற்றவாளியும் ஒரே முகத்தோடு நிற்கும்போது, பெண்ணை நிற்கவைக்க நம்மிடம் இருக்கும் சட்டகங்கள் எத்தனை கொஞ்சம் என்று பிறகு உறைக்கும்.

‘பெண்களே விரும்பித்தானே ரீல்ஸ் போடுகிறார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புஷ்பமாலாவும் விரும்பித்தான் நின்றார். எப்படி நிற்பது, எதை வெளியிடுவது என்பது அவர் முடிவு. ரீல்ஸ் போடும் பெண்ணுக்கும், லைக் கணக்கு எவ்வளவு நெருக்கினாலும், அந்த முடிவில் கொஞ்சமாவது பங்கு உண்டு. ஏலத்தின் நடுவில் சிக்கிக்கொண்ட மீன்காரம்மாவுக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் கேமராவே வேண்டாமா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படிந்ததை ஊர் அறியச் செய்ததில் படங்களுக்குப் பெரும் பங்குண்டு. படம் எடுப்பதில் தவறில்லை, எதை வெட்டி எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ‘பாரி’ இணைய இதழின் புகைப்படக்காரர் பழனி குமார், கொசஸ்தலை ஆற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணைப் படமெடுத்திருக்கிறார். இடுப்பளவு தண்ணீர், பல்லில் கவ்விய ஓலைக்கூடை. யாரும் லைக் போடக்கூடிய காட்சிதான். பழனி குமார் அதோடு நிறுத்தவில்லை. காயம்பட்ட விரல்களையும் எடுத்தார். பெயரையும் கடனையும் அந்தப் பெண்ணின் பேச்சையும் படத்தோடு சேர்த்தே கொடுத்தார். கூடையை மட்டும் வெட்டிப் பகிர்ந்தால் அதுவும் காசிமேட்டுப் படம்தான்.