கடல் கடக்கும் கைப்பேசி

வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிச் சீமையில், கண்மாய் பெருகும் நாளை எதிர்நோக்கியிருந்த குடியானவர்களோடு, அக்கரையிலிருந்து வரும் கடிதத்தை எதிர்நோக்கியிருந்த குடும்பங்களும் தலைமுறைக் கணக்கில் வாழ்ந்து வந்திருக்கின்றன. வீரசோழன் போன்ற ஊர்களில், ஒரு காலத்தில் மலேயாவும் சிங்கப்பூரும், பிற்காலத்தில் சவுதியும் துபாயும் குவைத்தும் வீட்டுப் பேச்சில் அன்றாடம் அடிபடும் பெயர்களாயின. நீலநிற ஏர்மெயில் கடிதம், குரலைப் பதிந்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய கேசட், கடைத்தெருவில் மீட்டர் ஓடிய ஐ.எஸ்.டி. பூத் ஆகிய மூன்று காலங்களையும் கடந்து, அந்தக் குடும்பங்களின் சம்பாஷணை முழுவதும் இன்று கைப்பேசியில் வந்து நிலைகொண்டிருக்கிறது. ஆகையால்தான், பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்து, மதுரை விமான நிலையத்துக்கு வண்டி பேசும் தறுவாயில், ‘இங்கேயே ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போவதா, அங்கே போய் சிம் வாங்கிக்கொள்வதா’ என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. விலையை மட்டும் விசாரித்து இதற்கு விடை கூறிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம்; அந்நிய தேசத்தில் நம் கைப்பேசி எவ்விதம் இயங்குகிறது என்பதை அறிந்தவர்க்கே விடை தெளிவாகும்.

சிம் என்னும் சிறு சில்லுக்குள், நாம் பிறருக்குச் சொல்லும் பத்து இலக்க எண்ணுக்குப் புறம்பாக, 15 இலக்கம் கொண்ட வேறோர் அடையாள எண் பொதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் தேசத்தைக் குறிப்பவை. 404, 405 என்பன இந்தியாவுக்கும், 420 சவுதி அரேபியாவுக்கும், 502 மலேசியாவுக்கும், 525 சிங்கப்பூருக்கும் உரியவை. ஜித்தாவில் இறங்கிய பிரயாணி கைப்பேசியை இயக்கியதும், அங்குள்ள கம்பெனியின் கணினி இந்த எண்ணைக் கேட்டு வாங்கி, இது இந்தியச் சந்தாதாரருடையது என்று கண்டு, இந்தியாவில் அவருடைய கம்பெனி வைத்திருக்கும் மூலப் பதிவேட்டுக்குச் செய்தி அனுப்புகிறது. வேற்றூர்க்காரனுக்குக் கடனுக்கு ஆட்டைப் பிடித்துக் கொடுப்பதற்கு முன், அவனுடைய ஊரில் ‘ஆள் எப்படி’ என்று விசாரித்துக்கொள்ளும் சந்தை வியாபாரியின் முறை இது. மூலப் பதிவேடு ஓர் இரகசிய எண்ணின் துணைகொண்டு ஒரு கணக்கையும் அதற்குரிய விடையையும் அனுப்புகிறது. அதே இரகசிய எண்ணைத் தன்னுள் வைத்திருக்கும் சிம், அந்தக் கணக்கைத் தானே போட்டு விடை சொல்கிறது. இரண்டு விடைகளும் ஒத்தால் மட்டுமே சேவை தொடங்குகிறது. இரகசிய எண் சிம்மை விட்டு ஒருபோதும் வெளியேறுவதில்லை. 1991-இல் பின்லாந்தில் ஜி.எஸ்.எம். என்னும் கைப்பேசி முறையில் சேவை தொடங்கி, மறுவருஷமே பின்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே ஒரு தேசத்து சிம் வேறொரு தேசத்தில் இயங்குவதற்கான முதல் ரோமிங் ஒப்பந்தம் ஏற்பட்ட காலம் முதல் இன்றுவரை, அடிப்படை ஏற்பாடு இதுவேதான்.

அனுமதி கிடைத்த பிற்பாடு பிரயாணி செலவழிக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும், ஒவ்வொரு எம்.பி.க்கும் அங்குள்ள கம்பெனி கணக்கு எழுதி இந்தியக் கம்பெனியிடம் தொகை கேட்கிறது. இரு கம்பெனிகளும் தமக்குள் பேசி நிர்ணயித்த மொத்த விலை அது. அதன்மேல் இங்குள்ள கம்பெனி தன் பங்கைச் சேர்த்து நம்மிடம் வசூலிக்கிறது. பேக் போடாமல் போனவர்களுக்கு வரும் பெருந்தொகை பில்லுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பேக் என்பது மொத்த விலையில் முன்கூட்டியே பேசி வாங்கிய ஓர் அளவு; அது இல்லாதவனுக்கு, ஒவ்வொரு எம்.பி.யும் பேரம் பேசாத விலைக்கு விற்கப்படுகிறது. உபயோகக் கணக்கு நம் கம்பெனிக்கு வந்து சேருவதிலும் சிறிது தாமதம் உண்டு. மோசடியைத் தடுப்பதற்காக நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று கம்பெனிகள் தமக்குள் ஒரு முறை வகுத்திருக்கின்றன. அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு கைப்பேசி எவ்வளவு டேட்டாவை விழுங்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால், எச்சரிக்கைச் செய்தி வந்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பது எத்துணை அபாயம் என்பது விளங்கும்.

இனி, டேட்டா செல்லும் பாதையைப் பார்ப்போம். பிரயாணி சிங்கப்பூரில் நின்றுகொண்டு சிங்கப்பூரிலேயே உள்ள ஒரு கணினியிடம் ஒரு விவரம் கேட்டாலும், இந்திய சிம்மில் ரோமிங்கில் இருப்பவருடைய கேள்வி முதலில் கடலுக்கடியில் இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள கம்பெனியின் வாயில் வழியே இணையத்தில் நுழைந்து, மறுபடியும் சிங்கப்பூர் போய், விடையும் அதே வழியில் சுற்றிவருவதே பொதுவான வழக்கம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் பிரயாணம் செய்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கிடக்கும் கேபிள்கள் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம் உடையவை. ஒருமுறை கடக்க நொடியில் ஆயிரத்தில் 16 பங்கு ஆகும். நான்கு முறை கடக்கும்போது அது 64 பங்காகிறது. ஒரு பக்கம் திறப்பதற்குள் இத்தகைய போக்குவரத்து பன்முறை நிகழ்வதால், உள்ளூர் சிம்மில் சட்டென்று திறப்பது ரோமிங்கில் தயங்கித் திறக்கிறது. குற்றம் டவரிலும் இல்லை, கைப்பேசியிலும் இல்லை, தூரத்தில் இருக்கிறது. சவுதியிலிருந்து வரும் டேட்டா பெரும்பாலும் கடலடிக் கேபிள்களை நம்பியிருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜித்தாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் சேதமடைந்தபோது இந்தியா வரையில் இணையம் மந்தமாயிற்று என்பதை வாசகர்கள் அறிந்திருப்பர். இந்தச் சுற்றுவழியால் ஒரு விநோதமும் விளைகிறது: உடல் அந்நிய மண்ணில் இருந்தாலும், இணையத்தின் கணக்கில் அவர் இந்தியாவிலேயே இருக்கிறார். நம் வங்கிச் செயலிகள் சந்தேகப்படாமல் திறப்பதற்கு இது அனுகூலம். இதற்கு மாறாக, இணையத்தில் வாங்கி, தனிச் சில்லு இன்றிக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளும் பிரயாண இ-சிம்கள் பலவற்றின் டேட்டா, நாம் சென்றிருக்கும் தேசத்திலும் இந்தியாவிலும் இல்லாமல், மூன்றாவது ஒரு தேசத்தின் வழியே இணையத்தில் நுழைகிறது. அப்போது வங்கிச் செயலி மிரண்டு வாயிலை அடைத்துக்கொண்டால் வியப்பதற்கில்லை.

ரோமிங்கில் அகப்படுவதற்குக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. நம் சீமைக்கு அண்மையிலுள்ள தனுஷ்கோடியில் நிற்பவர்களின் கைப்பேசி, திடீரென்று இலங்கைக் கம்பெனியின் பெயரைக் காட்டுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், பழைய ஜி.எஸ்.எம். முறையில் ஒரு டவரின் எல்லை சுமார் 35 கிலோமீட்டர். மறைப்பதற்கு மரமோ மலையோ இல்லாத கடற்பரப்பின்மீது அலைகள் தங்குதடையின்றி வந்துவிடுகின்றன. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில், குறுகிய நீரிணைக்கு அப்பால் இருக்கும் மலேசிய டவரைக் கைப்பேசி பற்றிக்கொள்வதும் இவ்வாறே. இத்தகைய எல்லைகளில் நெட்வொர்க்கைக் கைப்பேசியின் விருப்பத்துக்கு விடாமல், நாமே கையால் தேர்ந்து நிறுத்திவிடுவது உத்தமம். விமானத்திலும் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியே இயங்கும் டவர்கள் உண்டு. அவை சாதாரணப் பேக்குகளில் பெரும்பாலும் அடங்குவதில்லை. ஆகாயத்தில் ஃபிளைட் மோடை எடுத்துவிடுகிறவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

எவ்வளவு டேட்டா தேவை என்ற கணக்கை, விளம்பரத்தைப் பாராமல் நாமே போட்டுவிடலாம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். வாட்ஸ்அப் போன்ற செயலியில் குரல் மட்டும் பேசும்போது, போவதும் வருவதுமாக நொடிக்கு 50,000 பிட் என்று கொண்டால், ஒரு மணி நேரப் பேச்சுக்கு 23 எம்.பி.கூட ஆகாது. முகம் பார்த்துப் பேசும்போது நொடிக்கு 10 லட்சம் பிட் என்று கொண்டால், அதே ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. ஆகிவிடும். ஒரு ஜி.பி. பேக் போட்டுக்கொண்டு போனவர், குரலில் பேசினால் நாற்பது மணி நேரத்துக்கு மேல் பேசலாம். வீடியோவில் பேசினால் இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆயினும் பெரும்பாலான பிரயாணிகளின் டேட்டாவைத் தின்பது அவர்கள் பேசும் பேச்சு அன்று. ஊர்க் குழுக்களில் வந்து விழும் வீடியோக்களும், தாமாகவே மேலேறும் புகைப்படங்களும், கேளாமலே புதுப்பித்துக்கொள்ளும் செயலிகளும்தான். ரோமிங்கில் இருக்கையில் மீடியாவைத் தானாக இறக்காதே என்று கட்டளையிடும் வசதி வாட்ஸ்அப் செட்டிங்கிலேயே இருக்கிறது. அதை மாற்றாமல் பெரிய பேக் வாங்குவது அநாவசியச் செலவு.

இவ்வளவும் அறிந்தபின் தேர்வு எளிதாகிறது. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்லும் முதியவருக்கு, புறப்படுமுன் இங்கேயே போட்டுக்கொள்ளும் ரோமிங் பேக்கைத்தான் நான் சிபாரிசு செய்வேன். சவுதியில் சிம் வாங்குவதற்குக் கைரேகைப் பதிவு வேண்டும். நெடுநேரப் பிரயாணத்தின் முடிவில், பாஷை தெரியாத கௌண்டரில், உழைத்துத் தேய்ந்த விரல்களை வைத்துக்கொண்டு நிற்கும் சிரமத்தை விட, சற்றே கூடுதலான கட்டணம் எவ்வளவோ மேல். டேட்டா அவர்களுக்கு ஆடம்பரமும் அன்று. மதீனாவில் நபி பள்ளிவாசலின் ரவ்ளா ஷரீபில் தொழுவதற்கான அனுமதியே இப்போது சவுதி அரசின் நுசுக் செயலியின் வழியேதான் பெறப்படுகிறது. குழுவை விட்டுப் பிரிந்துபோன பெரியவர் தாம் நிற்கும் இடத்தை மகனுக்கு அனுப்புவதும் டேட்டாவினால்தான்.

வேலைக்காக வருஷக்கணக்கில் செல்கிறவருடைய நிலை வேறு. அவருக்கு உள்ளூர் சிம்மைத் தவிர மலிவான மார்க்கம் இல்லை. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகள் தடுக்கப்பட்டிருப்பதால், அங்கே அனுமதி பெற்ற செயலிகள் எவை என்பதையும் முன்னமே கேட்டறிந்து, வீட்டாரின் கைப்பேசியிலும் அவற்றை நிறுவிவிட்டுப் போக வேண்டும். சிங்கப்பூரில் உள்ள மகனைப் பார்க்கச் செல்லும் தாய், பழகிய பட்டன் போனையே எடுத்துச் சென்றால், அது 2ஜி மட்டும் அறிந்ததாயின் அங்கே பயன்படாது. அந்தத் தேசம் 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டது. புதிய ரகக் கைப்பேசி உடையவர்களுக்கு இ-சிம் சௌகரியமானதே; இந்திய சிம்மைக் கழற்றாமல், வேறொரு கம்பெனியின் இணைப்பை அதே கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளலாம். அதை வீட்டில் நல்ல வைஃபை இருக்கும்போதே நிறுவிக்கொள்வது விவேகம்.

எந்த மார்க்கத்தைத் தேர்ந்தாலும் இந்திய எண்ணைக் கைவிடலாகாது. இதை வற்புறுத்திச் சொல்கிறேன்; ஏனெனில் நம் காலத்தில் அந்த எண்தான் வங்கிக் கணக்கின் சாவி. பணம் எடுக்கவும் அனுப்பவும் ஆதாரில் ஒரு திருத்தம் செய்யவும் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வருகிறது. 90 நாள் உபயோகமற்றுக் கிடக்கும் ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. துண்டிக்கப்பட்ட எண் பின்னர் முன்பின் அறியாத ஒருவருக்கு வழங்கப்படும். ஆதலால் அந்த எண்ணில் சர்வதேச ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, செல்லுபடிக் காலம் முடியாமல் ரீசார்ஜ் செய்துகொண்டு, கைப்பேசியின் ஒரு பக்கத்தில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஓடிபி எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால், பேக் இல்லாதபோது நிமிஷத்துக்குக் கட்டணம் உண்டு என்பதை உறவினர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் யாரேனும் பிரயாணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தால், இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அவர்களருகில் அமர்ந்து, ரோமிங்கை இயக்கி, தானியங்கி இறக்கங்களை அணைத்து, செல்லும் ஊரின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கிவைத்து, டேட்டாவைத் திறப்பதும் மூடுவதும் எப்படி என்பதை அவர்கள் கையாலேயே பலமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணையும், மகன் அல்லது மகளின் எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.